பெருமூச்சும் ஒப்பாரியும்

நெஞ்சுக்குள் என்னவோ அடைத்துக்கொண்டு நிற்கிறது, பெருமூச்சு விட்டால்தான் கொஞ்சம் ஆறுகிறது. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட முறைப்பாடு இது. இருதயத்தைச் சோதித்தால் பழுதில்லை. நுரையீரலிலும் குறையில்லை. ஆனால் அந்தத் தாய் கதிரையில் இருந்த பத்து நிமிடத்துக்குள் ஏழெட்டுத் தடவை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, சத்தத்தோடு வெளியே விட்டிருப்பார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் மனவடுவை எங்கள் சனம் வெளிக்காட்டும் வழிகளில் ஒன்றாக இந்தப் பெருமூச்சைக் குறித்திருக்கிறார். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தின் அறிகுறிப் பட்டியலில் பெருமூச்சுக்கு இடமில்லை. எங்கள் வீடுகளிலோ அதற்கு எப்போதும் ஒரு இடம் இருந்தது.

பெருமூச்சு விடாத மனிதர் இல்லை. நாங்கள் எல்லோரும் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, நினையாமலே, ஒரு பெரிய மூச்சு விடுகிறோம். நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகளில் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு காற்று உள்ளே போனால்தான் அவை திரும்ப விரியும். இந்த வேலையை நடத்தும் சிறு நரம்புக் கூட்டமொன்றை எலிகளின் மூளைத்தண்டில் கண்டதாக ஜாக் ஃபெல்ட்மன், மார்க் கிராஸ்னோ ஆகியோரின் குழுக்கள் 2016இல் ‘நேச்சர்’ இதழில் எழுதின. 2023இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்று இன்னும் ஒரு படி போனது. ஒரு மாதம், நாளுக்கு ஐந்து நிமிடம், வேண்டுமென்றே பெருமூச்சு விடப் பழகியவர்களின் மனநிலை, அதே நேரம் தியானத்தில் இருந்தவர்களை விடக் கூடுதலாகத் தெளிந்தது. மூச்சை இழுப்பதை விட, அதை நீளமாக வெளியே விடுவதில்தான் விஷயம் இருந்தது.

ஆக, அந்தத் தாயின் உடம்பு தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தானே செய்துகொண்டிருந்தது. அந்த நீள் மூச்சோடு குரலும் சொல்லும் பக்கத்தில் நாலு பேரும் சேர்ந்தால் அதற்கு எங்களிடம் வேறு பெயர் உண்டு. ஒப்பாரி.

இந்தப் பெருமூச்சு எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தீவுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, அதிலிருந்த பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவாருக்குப் படகு என்பது பஸ் மாதிரி. பள்ளிக்கும் சந்தைக்கும் ஆசுப்பத்திரிக்கும் அதில்தான் போகவேண்டும். அடுத்த நாளும் அதே கடலில், அதே மாதிரிப் படகில் ஏறித்தான் ஆகவேண்டும். பிறகு 1990, 91ஆம் ஆண்டுகளில் தீவுகள் ஒவ்வொன்றாக இராணுவத்திடம் போயின. புங்குடுதீவுச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும், அங்கிருந்து பாரிஸ், சூரிச், ரொறன்ரோ என்றும் போனது. கல்வீடுகள் கூரையிழந்து நின்றன. முற்றத்தில் வடலி வளர்ந்தது. கிணற்றடியில் ஆளில்லை.

ஆளில்லாத அந்த ஊரைப் பாடிய கவிஞர் புங்குடுதீவிலேயே பிறந்தவர்: சு. வில்வரத்தினம் (1950–2006). அவருடைய ‘காற்றுவழிக் கிராமம்’ 1995இல் வந்தது. ஊர் வெறிச்சோடிப்போனதன் துயரம் முழுக்க அந்தத் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் இங்கே எனக்கு வேண்டியது இன்னொன்று. வில்வரத்தினம் கவிதையை வாசிப்பவரல்லர், பாடுபவர். தன்னுடையதையும் பிறருடையதையும் வாய்விட்டுப் பாடிக்காட்டுவதில் பேர்போனவர். அச்சில் ஒரு முறை படித்துவிட்டுப் போன வரியை அவர் குரலில் கேட்டபோதுதான் அழுகை வந்தது என்று சொன்னவர்கள் பலர். அதே சொல், அதே வரி. குரலில் என்ன கூடியது?

பேச்சு நின்றுபோவதிலிருந்து தொடங்கவேண்டும். 1996இல் ஸ்கொட் ரோச்சும் கூட்டாளிகளும் மனவடு நோயுள்ள எட்டுப் பேரை ஸ்கான் கருவிக்குள் படுக்கவைத்து, அவரவருக்கு நடந்ததை அவரவர் சொற்களிலேயே வாசித்துக் காட்டினார்கள். பயத்தோடு தொடர்புடைய பகுதிகளில் இரத்த ஓட்டம் ஏறியது. பேச்சை ஒழுங்குபடுத்தும் புரோக்கா பகுதியில் அது இறங்கியது. எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே படத்தைத் தரவும் இல்லை. என்றாலும் முகாம்களிலும் கிளினிக்குகளிலும் இருந்தவர்களுக்கு அது புதினமாகத் தெரிந்திராது. நடந்ததைச் சொல்லுங்கோ அம்மா என்று கேட்டால் வாய் திறக்கும், சொல் வராது. வந்தால் பாதியில் அறும்.

பேச்சு அறுந்த இடத்தில் பாட்டு வருவதை மருத்துவம் வேறொரு நோயில் எப்போதோ கண்டுவிட்டது. பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டு, ஒரு சொல்லும் பேசமுடியாமற் போனவர்களில் சிலர் தெரிந்த பாட்டைச் சொற்களோடு பாடிவிடுவார்கள். இதை வைத்து 1973இல் பொஸ்டனில் மார்ட்டின் அல்பேர்ட், ரொபேர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகியோர் ராகமிட்டுப் பேசவைக்கும் ஒரு சிகிச்சையை உருவாக்கினார்கள். பாட்டுக்கு மூளையில் ஒற்றை அறை கிடையாது. இரண்டு பக்கமும், கேள்வியும் அசைவும் உணர்ச்சியும் நினைவும் அதில் சேர்ந்து இயங்குகின்றன. மனவடுவும் பக்கவாதமும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஆனாலும் ஒரு வாசல் பூட்டியிருந்தால் வீட்டுக்குப் பின்வாசல் உண்டா என்று பார்ப்பது நியாயம்தானே.

பாட்டின் அசல் வேலை தொண்டைக்குக் கீழே நடக்கிறது. மூச்சு உள்ளே போகும்போது இதயம் சற்று விரைகிறது. வெளியே வரும்போது வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுக்க, இதயம் தணிகிறது. கை நாடியைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக மூச்சு விட்டுப் பார்த்தால் இது விரலிலேயே தெரியும். பேசும்போது மூச்சு அங்குமிங்குமாக உடைகிறது. பாடும்போது அப்படி முடியாது: சட்டென்று இழுத்து, ஒரு முழு அடி முடியும்வரை மெல்ல மெல்ல விடவேண்டும். பாடுகிறவர் யாரென்றாலும், எவ்வளவு கலங்கியிருந்தாலும், பாட்டு அவருடைய மூச்சைப் பிடித்து நீட்டிவிடுகிறது. மூச்சைக் கவனியுங்கள் என்று ஒருவரிடம் சொன்னால், ஷெல்லடியில் மூச்சடக்கிப் பங்கருக்குள் கிடந்தவருக்கு அந்தக் கவனமே பயத்தைக் கொண்டுவரலாம். பாடச் சொன்னால் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவேண்டியதில்லை.

இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டி 2001இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ இதழில் எழுதிய கட்டுரையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியாது. 23 பேரை இலத்தீன் மொழியில் செபமாலையும் பௌத்த மந்திரமொன்றும் சொல்லவைத்து அளந்தார்கள். இரண்டும் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாக இறக்கின. இரத்த அழுத்தத்தைச் சீர்ப்படுத்தும் உடம்பின் உள்தாளத்துக்கு இசைவான வேகம் அதுவேதான். ஊர்காவற்றுறையில் செபமாலை, நயினாதீவில் விகாரை, அதே தீவில் நாகபூசணி அம்மன் கோவில். குறிகட்டுவானிலிருந்து ஒரு படகு போகும் தூரத்துக்குள் இத்தனையும் கிடக்கிற எங்களுக்கு அந்தக் கட்டுரையின் முடிவு வியப்பாக இராது.

2013இல் சுவீடனின் கோதன்பேர்க் நகரில் பியோர்ன் விக்ஹொஃப் குழு, 18 வயதுப் பாடகர்கள் 15 பேரைச் சேர்ந்து பாடவிட்டு இதயத் துடிப்பைப் பதிந்தது. பாட்டின் அடிகள் எங்கே முடிகின்றனவோ அங்கே எல்லோரும் மூச்செடுத்தார்கள். ஆகவே எல்லோருடைய இதயமும் ஒன்றாக விரைந்து ஒன்றாகத் தணிந்தது. இதில் மாயமில்லை. மூச்சு ஒன்றானால் இதயத்தின் ஏற்ற இறக்கமும் ஒன்றாகும், அவ்வளவுதான்.

இப்போது செத்தவீட்டுக்குள் போவோம். இன்றைக்குக் குறைந்துவிட்டது, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பிரேதத்தைச் சுற்றிப் பெண்கள் குந்தியிருப்பார்கள், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை முட்டி. படலையடியில் ஒரு உறவுக்காரியின் குரல் கேட்கும். வரும்போதே ஒப்புச் சொல்லிக்கொண்டு வருவார். உள்ளே அடங்கிக் கிடந்த அழுகை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு எழும்பும். அடி மேலே தொடங்கிப் படிப்படியாக இறங்கும். கடைசி எழுத்து இழுபட்டு விம்மலில் முடியும். மூச்சு கேருகிற சத்தத்தோடு உள்ளே போகும். மறுபடி மேலே. உடம்பு முன்னும் பின்னும் ஆடும்.

கிரெக் அர்பன் என்ற மானிடவியலாளர் 1988இல் பிரேசில் பழங்குடிகளின் சாவழுகையை ஆராய்ந்து, அதில் திரும்பத் திரும்ப வரும் ஒலிகளைப் பிரித்துக் காட்டினார்: குரல் உடைதல், சத்தத்தோடு மூச்சை உள்ளிழுத்தல், கரகரத்த குரல், உச்சிக்குப் போகும் உயிரொலி. புங்குடுதீவு ஆச்சியின் ஒப்பாரியில் இந்த நாலும் அப்படியே இருக்கும். ஒன்றையொன்று அறியாத இரண்டு சமூகங்கள் ஒரே வழிக்கு வந்தது எப்படி? அழுகையின் உடற்கூறு உலகம் முழுக்க ஒன்று என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒப்பாரி அழுகையை நிறுத்துவதில்லை. அதற்கு அடியும் அளவும் கொடுக்கிறது. அடி முடியும், மூச்செடுக்கலாம், அடுத்த அடியைத் தொடங்கலாம் என்று உடம்புக்குத் தெரிகிறது. எந்த நேரம் எது விழும் என்று தெரியாமல் வருடக்கணக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த மூளைக்கு, அடுத்தது என்னவென்று தெரிவது ஒரு பெரிய ஓய்வு.

ஒப்பாரியின் சொல்லையும் பார்க்கவேண்டும். செத்தவர் பிறந்து வளர்ந்தது, கலியாணம் முடித்தது, கடல் கடந்து உழைத்தது, வருத்தமாய்க் கிடந்தது எல்லாம் வரிசையில் வரும். நடுவே அழுகிறவரின் சொந்தக் கணக்கும் வரும்: சீதனத்தில் ஏமாந்தது, அண்ணன் திரும்பிப் பாராதது, புருஷனின் அடி. சாதாரண நாளில் சொன்னால் சண்டையாகிற சொல், பாட்டில் சொன்னால் அழுகையாகிவிடும். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். தமிழ்நாட்டு ஒப்பாரிகளை ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசே 2005இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே, செத்தவருக்காக ஒருவரும் அழுவதில்லை என்று சொல்கிறது. அவரவர் தங்கள் துயரத்தைத்தான் அழுகிறார்கள்.

மனவடுவுக்கு இன்று நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சைகளில் ஒன்று, வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லவைத்து, பயங்கரம் நடந்த இடத்தை அந்த வரிசைக்குள் பொருத்துவது. கடற்கோளுக்குப் பிறகு எங்கள் வடகிழக்கிலேயே 31 பிள்ளைகளிடம் இதைத் தியான-மூச்சுப் பயிற்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; கிளவுடியா கட்டானி குழுவின் அந்தக் கட்டுரை 2009இல் வந்தது. இரண்டும் ஏறக்குறையச் சமமாகப் பலன் தந்தன. ஒன்று கதையை வரிசைப்படுத்துகிறது, மற்றது மூச்சைத் தணிக்கிறது. ஒப்பாரி இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது என்பது என் ஊகம். யாரும் அளந்து பார்த்ததல்ல, ஆனால் அளந்து பார்க்கத் தக்கது.

இதைப் பொற்காலக் கதையாக்கிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டில் யார் பறையடிப்பது, யார் எங்கே நிற்பது என்பதைச் சாதி தீர்மானித்தது. மேளத்தின் தாளம் சிலருக்கு ஆறுதல். அடித்தவருக்கு அது இழிவின் அடையாளம். பறையடிக்கமாட்டோம் என்று மறுத்ததே ஒரு போராட்டமாக இருந்த மண் இது. புங்குடுதீவின் இன்னொரு பெரிய எழுத்தாளர் மு. தளையசிங்கம், கண்ணகை அம்மன் கோவிலடி நன்னீர்க் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளவேண்டும் என்று 1971இல் போராடி, பொலிஸாரிடம் அடிவாங்கியவர். சேர்ந்து பாடினால் நெஞ்சு ஒன்றாகும் என்று எழுதுகிற கை, சேர்ந்து நிற்க யாரை விட்டார்கள் என்பதையும் எழுதவேண்டும்.

சேர்ந்து பாடுவதற்கென்று தனியாக ஒரு பலன் உண்டா? ஒக்ஸ்ஃபோர்டில் எய்லுனெட் பியர்ஸ், ரொபின் டன்பார் முதலியோர் 2015இல், புதிதாகச் சேர்ந்தவர்களைக் கொண்டு நடந்த பாட்டு வகுப்பையும் கைவேலை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் பின்தொடர்ந்தார்கள். முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒரே அளவு. ஆனால் பாட்டு வகுப்பில் அது முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களை விரைவில் ஒட்டவைப்பதுதான் பாட்டின் கெட்டித்தனம். இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் அருகருகே பாய்விரித்த குடும்பங்களுக்கு அந்த விரைவு எவ்வளவு பெறுமதி!

எங்கள் சைவச் செத்தவீட்டில் சுண்ணம் இடிப்பது இதே கணக்கில்தான். உரலில் உலக்கை விழ விழத் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். மாணிக்கவாசகர் பெண்கள் கூடி இடிக்கும் பாட்டாக அமைத்ததை யாழ்ப்பாணம் சாவுச் சடங்குக்கு எடுத்துக்கொண்டது. கை, மூச்சு, குரல் மூன்றும் ஒரு தாளத்தில் விழும். கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டும் அப்படியே. தவக்காலத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடியிருந்து வாசிக்கும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மகனை இழந்த தாயின் அழுகை அதற்கு நடுப்பொருள்.

போர் இந்த ஏற்பாட்டை எங்கே உடைத்தது என்பதுதான் என் கேள்வி. குண்டு மேலே நிற்கும்போது புதைத்துவிட்டு ஓடவேண்டியிருந்தது. அழக்கூட நேரமில்லை. சுடுகாட்டுக்குப் போக ஆளில்லை. எல்லாவற்றையும் விடப் பெரியது, உடல் இல்லாத இழப்பு. காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்கு ஒப்பாரி வைத்தால் அவன் செத்தான் என்று தாயே தீர்ப்பளித்த மாதிரி. வைக்காவிட்டால் நெஞ்சு அடைக்கிறது. பவுலின் பொஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து, முடிவு தெரியாத இந்த இழப்புக்கு ஒரு தனிப் பெயரே வைத்தார். எங்களிடம் அதற்குப் பெயரும் இல்லை, சடங்கும் இல்லை, பாட்டும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் படத்தோடு குந்தியபோது, தெருவோரக் கொட்டகையில் எழுந்த அழுகை ஒப்பாரியின் அடியிலேயே நடந்தது. செத்தவீடு நடக்கமுடியாத சாவுக்கு அவர்கள் கண்டுபிடித்த இடம் அது. அரசியல் கோரிக்கை வேறு, அதன் பெறுமதி வேறு. மூச்சைப் பற்றி எழுதுகிறவனுக்கு இதுவும் கண்ணில் படத்தான் செய்யும்.

கிழக்கில் பற்றீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் 1990களில் இன்னொரு வாசலைக் கண்டார். மட்டக்களப்புப் பக்கத்து அம்மன் கோவில்களில் தெய்வமாடுவோர், காணாமற்போனவர்களைப் பற்றிக் குறி சொன்னார்கள். வெளியே வாய்திறக்கப் பயந்த தாய்மார் கோவிலுக்குள் பறையொலிக்கு நடுவே கத்தி அழுதார்கள். அதே மண்ணில் வைகாசியில் கண்ணகி வழக்குரை பாடி, குளிர்த்திப் பாட்டோடு சடங்கை முடிப்பார்கள். நியாயம் கிடைக்காமல் மதுரையை எரித்த பெண்ணின் சூட்டைப் பாடிப் பாடித் தணிப்பது அந்தச் சடங்கு. கண்ணகையைக் கோவில் கொண்ட புங்குடுதீவு வாசகருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

சரி, மருத்துவம் இதை எப்படிக் கையாண்டது? தயா சோமசுந்தரத்தின் ‘மனவடு’ 1993இல் தமிழிலேயே வந்தது. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் 1987 முதல் உளவளத்துணை செய்கிறது. குழந்தை ம. சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’யில் மனவடுவையே நாடகமாக்கினார். க. சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு, பார்வையாளரையே பாடவும் ஆடவும் இழுத்துக்கொண்டது. மட்டக்களப்பில் போல் ஹோகனும் போல் சற்குணநாயகம் அடிகளாரும் 1996இல் திறந்த வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் பிள்ளைகள் பாட்டும் கதையும் களிமண்ணுமாகத் திரிந்தார்கள். இவையெல்லாம் நோய்க்கு மருந்து கொடுக்கும் வேலையைக் காட்டிலும், கூடுவதற்கு ஒரு இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: 2009இல் யாழ் மாவட்டத்தில் எடுத்த கணிப்பில் மனவடு நோய் 7 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், பதகளிப்பு 32.6 வீதம். மாவட்டம் முழுக்க இருந்த உளமருத்துவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

ஆய்வு முடிவுகள் நல்லது மட்டும் சொல்வதில்லை. இலண்டனில் கதரின் கார் 2012இல், பேச்சுச் சிகிச்சையில் தேறாத 17 பேரில் ஒரு பகுதியினருக்குப் பத்து வாரம் கூட்டாக இசைக்கருவி வாசிக்கும் அமர்வுகள் நடத்தினார், அறிகுறிகள் தணிந்தன. டென்மார்க்கில் பொலெட் பெக் குழு 2021இல் 74 அகதிகளிடம் இசைச் சிகிச்சையைப் பேச்சுச் சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்தது. இசை தோற்கவில்லை, பேச்சுச் சிகிச்சையை இடையில் விட்டுப்போனவர்கள்தான் மிக அதிகம். இதில் அவர்கள் பாடவில்லை, கேட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நான் குரலுக்கு வக்காலத்து வாங்குவதற்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான். எனக்கு ஆதரவானது இங்கிலாந்தில் டெய்சி ஃபான்கோர்ட் 2018இல் 134 தாய்மாரிடம் கண்டது: பிள்ளைப்பேற்றின் பின் மனச்சோர்வு கடுமையாக இருந்தவர்களில், சேர்ந்து பாடியவர்கள் விரைவாகத் தேறினார்கள்.

எங்கள் வீட்டு முற்றத்திலிருந்தே ஒரு எச்சரிக்கையும் வந்தது. விட்சே டொல் முதலியோர் யாழ் மாவட்டப் பள்ளிகளில் 9 முதல் 12 வயதான 399 பிள்ளைகளுக்குப் பயிற்சியும் ஆக்கச் செயல்பாடுகளும் கலந்த 15 அமர்வுகள் நடத்தி, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மனவடு அறிகுறிகளில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பையன்களுக்கும் சிறியவர்களுக்கும் சில விடயங்களில் நன்மை. பெண்பிள்ளைகளிடமோ, ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆட்டமும் பாட்டும் என்றால் கெடுதல் வராது என்று நினைப்பவர்கள் இந்த ஆய்வை ஒரு தடவை படிக்கவேண்டும். பாட்டு நினைவைத் திறக்கிற சாவி. எந்த அறை திறக்கும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. போர்க்காலத்தில் ஒலிபெருக்கியில் கேட்ட ஒரு மெட்டு இன்றைக்கும் ஒருவரை நிமிர்த்தும், பக்கத்திலிருப்பவரை நடுங்கவைக்கும்.

இந்தக் காரணத்தால்தான், இன்ன ராகம் இன்ன நோய்க்கு என்று மாத இதழ்கள் போடும் பட்டியல்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சீடர் தம்பியப்பனின் வயிற்றுவலிக்காக முத்துசுவாமி தீட்சிதர் நவக்கிரக கீர்த்தனைகளைத் தொடங்கினார் என்பது அழகான கதை. குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ராக ஆய்வு மையம் வைத்து உழைத்ததும் மதிக்கத்தக்கது. ஆனால் ஒருவருக்கு ஆறுதல் தரும் ராகம், அவர் மடியில் கிடந்து கேட்ட ராகமாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் ஜோஆன் லோவி 2013இல் 272 குறைமாதக் குழந்தைகளிடம் பார்த்தபோதும், பெற்றோர் தாங்கள் தெரிந்தெடுத்த சொந்தப் பாட்டைத் தாலாட்டாகப் பாடினால் அதற்குத் தனிப் பலன் இருந்தது. இதே மாதிரிதான் ஒப்பாரியும்; அதை ஒலிப்பதிவில் போட்டுக் கேட்பது மருந்தாகாது. அழுகிறவரின் நெஞ்சிலிருந்து, அவருக்குத் தெரிந்த சொல்லில் வரவேண்டும். ஒன்று சேர்ந்து பிடிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

அந்த ஆள் இன்று பக்கத்தில் இல்லை. புங்குடுதீவில் ஒரு ஆச்சி கண்மூடினால் ஒரு மகள் ரொறன்ரோவில், ஒருத்தி பாரிஸில், ஒருத்தி சூரிச்சில். பிரேதத்தின் கால்மாட்டில் யாரோ ஒரு பெடியன் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். திரையில் மூன்று முகங்கள்.

சேர்ந்து பாடுகிறவர்களுக்கு இடையில் ஒலி ஏறத்தாழ 30 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தினால் தாளம் தடுமாறத் தொடங்கும். ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். நேர்கோட்டில் இழை போட்டிருந்தால்கூட ஒரு வழிக்கு 65 மில்லிசெக்கன் ஆகும். நடைமுறையில் அதைவிடப் பல மடங்கு. எந்தக் கம்பனி எந்த வேகம் தந்தாலும் இந்தக் கணக்கை மாற்றமுடியாது. ஆகவே மூத்தவள் அடியெடுக்கும்போது இளையவளின் குரல் ஒரு விம்மல் பிந்தி வந்து அதன் மேலேயே விழுகிறது. இரண்டு பேரும் தடுக்கி நிற்கிறார்கள். பெடியன் சொல்கிறான்: “அக்கா, எக்கோ அடிக்குது. மைக்கை ஓஃப் பண்ணுங்கோ.”

அவள் ஓஃப் பண்ணுகிறாள். திரையில் சத்தமில்லாமல் வாய் அசைகிறது. தோள் ஏறி, மெல்ல மெல்ல இறங்குகிறது.